பொருளடக்கத்தில் இல்லாத கவிஞர்

7

காணாமல் போன மனிதர் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும். அதுதான் நியாயம், அதுதான் மரியாதை. இந்தக் கவிஞரோ காணாமல் போன பிறகுதான் ஒழுங்காக அச்சில் வர ஆரம்பித்திருந்தார்.

ரேடியோவுக்கு அது முதல் நாளிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. ரேடியோ என்பது பட்டப்பெயர். முப்பத்திரண்டு வயதுப் பெண். வாய் ஓயாது என்பதால் வீட்டில் வைத்த பெயர், அலுவலகம் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அலுவலகம் என்றால் அவளுடைய சித்தப்பா நடத்தும் துப்பறியும் நிறுவனம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். சித்தப்பாவை ஊரே தொப்பி என்று கூப்பிடும். அவர் ஆயுளில் தொப்பி போட்டதில்லை. பெயர்ப்பலகை எழுத வந்தவர், துப்பறிகிறவர் என்றால் தொப்பி இல்லாமல் எப்படி என்று தானாகவே ஒன்றை வரைந்துவிட்டுப் போய்விட்டார். அழிக்கச் சொல்ல இவருக்குச் சோம்பல்.

கவிஞரின் மனைவி தேடச் சொன்னதிலிருந்து மூன்று நாட்களாக ஆஸ்பத்திரி, காவல் நிலையம், பழைய நண்பர்கள் என்று அலைந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். எட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு துணிப்பையோடு வீட்டை விட்டுக் கிளம்பிய கவிஞர் எங்கே போனார் என்று ஒரு ஜீவனுக்கும் தெரியவில்லை. கடைசியில் கையில் நின்றது ஒரு நீள நோட்டு மட்டும். அதை வைத்துக்கொண்டு நான்காம் நாள் காலையில் இரண்டு பேரும் கவிஞர் வீட்டு முன்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் அறுபது சிற்றிதழ்கள் பரப்பிக் கிடந்தன.

நோட்டு கவிஞருடையது. நான்கு பத்தியாகக் கோடு போட்டு, கவிதையின் முதல் வரி, எந்த இதழ், அனுப்பிய தேதி, முடிவு என்று எழுதி வந்திருக்கிறார். இருபது வருட எழுத்து வாழ்க்கை அதில் அடங்கிக் கிடந்தது. 'வெளிவந்தது' என்று நாற்பத்தொரு இடத்தில். 'திரும்பியது' என்று முந்நூற்றுப் பன்னிரண்டு இடத்தில். ஒவ்வொரு கவிதையோடும் தன் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் வைத்து அனுப்புவாராம். வேண்டாம் என்றால் பத்திரிகைக்காரர்கள் அதிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். ஒரு இடத்திலிருந்து திரும்பி வந்தால்தான் அடுத்த இடத்துக்கு அனுப்புவார். அவ்வளவு ஒழுங்கு.

அவர் கையெழுத்து முடிகிற இடத்தில் உருண்டை உருண்டையாக வேறொரு கையெழுத்து தொடங்கியது. அது அவர் மனைவியுடையது. கணவர் போன பிறகு அவர் பெயரில் வெளிவந்த பத்தொன்பது கவிதைகளையும் அந்த அம்மா விடாமல் பதிந்து வைத்திருந்தார். 'அனுப்பிய தேதி' என்ற பத்தி மட்டும் பத்தொன்பது இடத்திலும் காலியாக இருந்தது. 'திரும்பியது' என்ற சொல் அதற்கப்புறம் ஒரு தடவைகூட வரவில்லை.

"வீட்ல இருந்தப்ப ஒன்பதுல எட்டு திரும்பி வந்திருக்கு சித்தப்பா," என்றாள் ரேடியோ, உள்ளே கேட்காமல் குரலைத் தணித்து. "காணாமப் போனதும் நூத்துக்கு நூறு. நானும் எங்கயாவது மனு போட்டுட்டு ஒரு வாரம் தலைமறைவா இருந்து பார்க்கவா?"

"ஒரு வாரம் நீ பேசாம இருப்பியா? முதல் நாளே கண்டுபிடிச்சுடுவாங்க," என்றார் தொப்பி, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

கவிஞரின் மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்தார். ஐம்பத்துநான்கு வயது. கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. அதனால் எதையும் மெதுவாக, பெரிய எழுத்தில் சொல்வதுபோலச் சொல்வார். மகள் தூர ஊரில் இருக்கிறாள், இரண்டாவது பிள்ளைக்கு இது நிறைமாதம். முதல் பிரசவத்துக்குப் போன அம்மா நாலே நாளில் ஓடி வந்துவிட்டார். தான் இல்லாத நேரத்தில் கணவர் வந்து, வீடு பூட்டிக் கிடந்தால் என்ன செய்வது என்று பயம். மகள் இந்தத் தடவை தீர்த்துச் சொல்லிவிட்டாள். வருவதானால் சனிக்கிழமை கிளம்பி வா, வந்தால் என்னோடு இருந்துவிடு, வரவில்லை என்றால் இனிமேல் உன்னைக் கூப்பிடவே மாட்டேன். இன்றைக்கு வியாழக்கிழமை.

"அவர் இருக்காரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க," என்றார் அந்த அம்மா, நான்காவது நாளாக. "இருந்தா இங்கேயே கிடக்கேன். இல்லேன்னா பொண்ணுகிட்ட போறேன். இது தெரியாமதான் எட்டு வருஷமா நான் எந்தப் பக்கமும் இல்லாம நிக்கிறேன்."

தொப்பி நோட்டில் ஒரு இடத்தைக் காட்டினார். பத்தொன்பதில் முதல் எட்டுக் கவிதைகளுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஒன்பதாவதிலிருந்து எல்லாவற்றுக்கும் பென்சிலில் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டிருந்தது. அது என்ன அடையாளம் என்று கேட்டார்.

அந்த அம்மா ஒரு இதழை எடுத்துப் பிரித்தார். தேட வேண்டியிருக்கவில்லை, அந்தப் பக்கம் தானாகவே திறந்தது. கவிதையின் கடைசி இரண்டு வரியில் விரலை வைத்தார்.

*பச்சைக் கதவு தாழிடாமல் இருக்கிறது,
தள்ளத்தான் கை வரவில்லை.*

வெளி கேட்டுக்குப் பச்சை அடித்தது கணவர் போய் இரண்டு வருடம் கழித்து என்றார். அடுத்த இதழைத் திறந்தார்.

*மதில்மேல் காது கிழிந்த பூனை,
என்னைக் கண்டும் எழுந்திருக்கவில்லை.*

அந்தப் பூனை வந்து சேர்ந்தே மூன்று வருடம்தான் ஆகிறதாம். அவர் கண்டிருக்கவே முடியாத பூனை. இப்படிப் பதினொன்று இருந்தன. நாலு வருடமாக, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, வீட்டைப் பார்த்த கண் ஒன்று அச்சில் வந்து நின்றுகொண்டிருந்தது.

"வந்து பார்த்துட்டுப் போறார்," என்றார் அந்த அம்மா. "எப்ப வரார்னுதான் தெரியல. அதனாலதான் கேட்டைத் தாழ் போடறதே இல்ல."

பட்டப்பகல், வெளியே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம், ஆனாலும் ரேடியோவால் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பயமாக இருந்தது. அதைவிட, தினமும் அந்தக் கேட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போகிற இந்த அம்மாவை நினைத்தால் பாவமாக இருந்தது.

பத்தொன்பதையும் வரிசையாக அடுக்கி வை என்றார் தொப்பி. ரேடியோ ஒவ்வொரு இதழாக எடுத்தாள். முன்பக்கத்தில் பொருளடக்கத்தைப் பார்த்தால் பக்க எண் தெரிந்துவிடும், புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்பது அவள் கணக்கு. முதல் இதழில் கவிஞர் பெயரே இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லாததைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன பத்திரிகைக்காரங்க சித்தப்பா இவங்க. அட்டைப்பட ஓவியருக்கு ஒரு வரி, வாசகர் கடிதத்துக்கு ஒரு வரி. கவிஞர் பேரைப் போட மட்டும் இடம் இல்லையாமா?"

தொப்பி சட்டென்று நிமிர்ந்தார். பழைய நாற்பத்தொன்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு பொருளடக்கத்தை மட்டும் பார்த்தார். ஒன்றுவிடாமல் நாற்பத்தொன்றிலும் பெயர் இருந்தது. மறுபடி பத்தொன்பதையும் பார்த்தார். ஒன்றில்கூட இல்லை. பிறகு கவிதைகள் எங்கே வந்திருக்கின்றன என்று பார்த்தார். எல்லாமே ஏதாவது கட்டுரையோ கதையோ முடிகிற பக்கத்தில், அடியில் வந்திருந்தன. எல்லாமே குட்டிக் கவிதைகள். பன்னிரண்டு வரியைத் தாண்டவில்லை.

அவர் எழுந்து வெளியே போய் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று வீட்டைப் பார்த்தார். ரேடியோ பின்னாலேயே போனாள். கையில் பதினான்காவது இதழ். படி என்றார், படித்தாள்.

*நீ தூங்காமல் படிக்கும் அறையின்
மஞ்சள் சன்னல் இன்னும் அணையவில்லை.*

தெருவிலிருந்து பார்த்தால் தென்னங்கீற்றுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரே ஒரு சன்னல்தான் தெரிந்தது. மங்கலான கண்ணாடி. உள்ளே போய் அது எந்த அறை என்று பார்த்து வரச் சொன்னார். போன வேகத்தில் அவள் திரும்பி வந்தாள்.

"சித்தப்பா, அது பாத்ரூம்."

"இத்தனை வருஷம் இந்த வீட்ல குளிச்ச மனுஷனுக்கு அது பாத்ரூம்னு தெரியாதா?"

அதைத்தான் ரேடியோவும் அந்த அம்மாவிடம் கேட்டிருந்தாள். கவிதைதானே, அழகுக்காக மாற்றியிருப்பார் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட மனசு, குளியலறையைக்கூடப் படிக்கிற அறையாக்கிக்கொள்ளும். ரேடியோவுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

"வாசலைத் தாண்டி உள்ள வராத ஒருத்தர் எழுதினது இந்த வரி," என்றார் தொப்பி. "வா. பல் டாக்டரைப் பார்க்கணும்."

பல் டாக்டர் பட்டப்பெயர் இல்லை, நிஜமாகவே பல் டாக்டர். பகலில் பல் பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பல் நிற அட்டை போட்ட காலாண்டிதழுக்கு ஆசிரியர். பத்தொன்பதில் ஏழு கவிதைகள் அதில்தான் வந்திருந்தன. இத்தனை வருடமாக மற்றவர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர், தானே திறந்தால் லேசில் மூடவில்லை. காணாமல் போன அந்த மகாகவியைத் தான்தான் விடாப்பிடியாக வெளியிட்டு வருவதாகவும், உறையைப் பிரித்த அந்த நிமிடமே கை நடுங்கியதாகவும், முதல் வாசிப்பிலேயே தேர்ந்தெடுத்துவிட்டதாகவும் கால் மணி நேரம் சொன்னார். வெளியே மூன்று பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

எந்தப் பக்கத்தில் போட்டீர்கள் என்று தொப்பி சாதுவாகக் கேட்டார். டாக்டர் இதழை வாங்கிப் பொருளடக்கத்தில் விரலை ஓட்டினார். மேலிருந்து கீழே ஒரு தடவை ஓட்டினார், கீழிருந்து மேலே ஒரு தடவை ஓட்டினார். விரல் நின்றுவிட்டது.

"மரத்துப் போற ஊசி போட்டுக்கிறீங்களா டாக்டர்?" என்று ரேடியோ அக்கறையாகக் கேட்டாள்.

அப்புறம் உண்மை வந்தது. முதல் கவிதை வந்தபோது அச்சாகி வந்த பிறகுதான் இவரே பார்த்தாராம். இணையாசிரியர் போட்டிருப்பார் என்று இவர் நினைத்துக்கொண்டார். இவர் போட்டிருப்பார் என்று இணையாசிரியர் நினைத்துக்கொண்டார். அதற்குள் வாசகர்களிடமிருந்து பாராட்டிக் கடிதங்கள் வந்துவிட்டன. தேடி வந்த நல்ல பெயரை யார்தான் வேண்டாம் என்று சொல்வார்கள்? எனக்குத் தெரியாமலே என் பத்திரிகையில் கவிதை வருகிறது என்று எந்த ஆசிரியர் வெளியே சொல்லிக்கொள்வார்? மற்ற மூன்று பத்திரிகைகளிலும் இதே கதையாகத்தான் இருக்கும் என்று அவரே சொன்னார்.

அந்த அம்மா கடிதம் எழுதிக் கேட்டாரே என்றாள் ரேடியோ. கேட்டார். படைப்பாளிகளின் விலாசத்தைத் தருவதில்லை என்பது எங்கள் கொள்கை என்று நாலு பேரும் தனித்தனியாகப் பதில் போட்டிருந்தார்கள். அந்த நாலு கடிதத்தையும் நோட்டுக்குள் வைத்திருக்கிறார் அந்த அம்மா. கவிஞர் கேட்டுக்கொண்டதால்தான் விலாசம் தரவில்லை என்று நம்பிக்கொண்டு. ரேடியோவுக்கு அந்த நாற்காலியில் டாக்டரை உட்காரவைத்து நாலு பல்லைப் பிடுங்க வேண்டும்போல ஆத்திரமாக வந்தது.

"நீங்க பார்த்து முடிச்சப்புறம் பக்கத்தைத் தொடறது யார்?" என்றார் தொப்பி.

அச்சகத்தில் பக்கம் கட்டுகிறவர்தான் என்றார் டாக்டர். கட்டுரை முடிந்து கீழே நாலு விரற்கடை இடம் மிஞ்சினால் வெறுமையாக விட முடியாது. ஏதாவது துணுக்கோ, பொன்மொழியோ, குட்டிக் கவிதையோ போட்டு அவரே நிரப்பிவிடுவார். அது எல்லாச் சிறுபத்திரிகையிலும் நடப்பதுதான். அதைப் போய் யார் கேட்கப் போகிறார்கள்.

தொப்பி நாலு பத்திரிகைகளின் பின்னட்டையையும் வரிசையாக மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அடியில் எறும்பளவு எழுத்தில் நாலிலும் ஒரே அச்சகத்தின் பெயர்.

அச்சகம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அழைப்பிதழும் ரசீதுப் புத்தகமும்தான் அங்கே பிழைப்பு. இலக்கியம் இடைப்பட்ட நேரத்தில். இயந்திரம் ஓடுகிற சத்தத்தில் காது அடைத்தது. மூலையில் ஒரு கணினிக்கு முன்னால் அறுபது வயதுக்காரர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணினி வருவதற்கு முன்னால் பத்திரிகைப் பக்கங்களைக் கத்தரித்துக் கோந்து போட்டு ஒட்டிய காலத்து மனிதர். இன்னும் அவர் பெயர் அங்கே கோந்துதான்.

அவர் இவர்களைப் பார்த்தார். தொப்பி கையில் இருந்த நீள நோட்டைப் பார்த்தார். கேள்வி எதுவும் வருவதற்கு முன்னாலேயே எழுந்து நின்றுவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன்," என்றார் தொப்பி. "அந்த வீட்டு வாசல் வரைக்கும் எத்தனை தடவை போனீங்க?"

கோந்து இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு இயந்திரச் சத்தத்தில் கரைந்துபோகிற குரலில், "பதினொண்ணு," என்றார்.

பின்கட்டில் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து சொன்னார். எட்டு வருடத்துக்கு முன்னால் அந்தச் செவ்வாய்க்கிழமை கவிஞர் நேராக இங்கேதான் வந்தார். துணிப்பைக்குள் மாற்றுத் துணி இரண்டு, ஒரு பள்ளிக்கூட நோட்டு. நோட்டில் பத்தொன்பது கவிதைகள். எல்லாமே அதுவரை எங்கும் அனுப்பாதவை. இனிமேல் யாரிடமும் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்கப் போவதில்லை, முந்நூறு தடவை கேட்டாகிவிட்டது, எங்கே கீழே இடம் மிஞ்சுகிறதோ அங்கே போடு, அது போதும் என்று கோந்துவின் கையில் கொடுத்தார். தான் எங்காவது போய் எழுத்தே இல்லாத ஒரு வேலை பார்க்கப் போவதாகச் சொன்னார். வீட்டில் சொன்னீர்களா என்று கேட்டதற்கு, சொன்னால் போக முடியாது என்றார்.

கோந்து ஒவ்வொன்றாகப் போட்டார். கவிதையை ஒரு எழுத்தும் மாற்றவில்லை. வருடத்துக்கு இரண்டு. எட்டு முடிந்தபோது, தூர ஊர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து அச்சக விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு விடுதியில் படுக்கை விரிக்கிற வேலை பார்த்த கவிஞர் கவலைக்கிடமாகக் கிடக்கிறார் என்று. பெட்டியில் நாலைந்து பத்திரிகையும் பின்னட்டையில் கோடிட்ட இந்த விலாசமும்தான் இருந்தன. கோந்து ரயிலேறிப் போனார். போய்ச் சேர்வதற்கு ஒரு நாள் முன்னாலேயே எல்லாம் முடிந்திருந்தது. உறவு என்று கேட்ட கட்டத்தில் தம்பி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத் திரும்பினார்.

"ஊர் வந்து இறங்கின அன்னிக்கே சொல்லத்தான் போனேன். கேட் தாழ் போடாம இருந்துச்சு. கை வைக்க முடியல," என்றார். "திரும்பி வந்து உக்காந்தா பக்கத்துல ரெண்டு வரி குறையுது. பார்த்ததை அப்படியே போட்டேன்."

ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று கிளம்பிப் போவார். வாசலில் நிற்பார். விளக்கு எரியும், பூனை உட்கார்ந்திருக்கும், கொடியில் ஒரே ஒரு துண்டு காயும். திரும்பி வந்து இரண்டு வரி சேர்ப்பார். முதல் நாள் சொல்லாததை ஒரு மாதம் கழித்து எப்படிச் சொல்வது, ஒரு மாதம் சொல்லாததை ஒரு வருடம் கழித்து எப்படிச் சொல்வது என்றே நாலு வருடம் ஓடிவிட்டது. போன மாதத்தோடு நோட்டும் தீர்ந்துவிட்டது.

ரேடியோவுக்கு இந்த மனிதர்மேல் கோபப்படவும் முடியவில்லை, இரக்கப்படவும் முடியவில்லை. காலையில் அந்த வீட்டு வாசலில் யாரோ நிற்பதாக நினைத்துப் பயந்தோமே, நிஜமாகவே நின்றிருக்கிறார்கள். செத்தவர் அல்ல, சாவுச் செய்தியை மென்று முழுங்கிக்கொண்டு ஒருவர்.

"கிளம்புங்க," என்றார் தொப்பி. "நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

சாயங்கால வெயில் மதில்மேல் சாய்ந்திருந்தபோது மூன்று பேரும் அந்த வீட்டுக்கு முன்னால் நின்றார்கள். கோந்துவின் கால் அங்கேயே ஊன்றிக்கொண்டது. ரேடியோதான் கேட்டைத் தள்ளினாள். அவர் கையைப் பிடித்து, சின்னப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குள் கூட்டிப் போவதுபோல, உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

கவிஞரின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். உட்காரச் சொல்ல மறந்துவிட்டார். கோந்து நின்றுகொண்டே சொன்னார். தடுமாறாமல், எதையும் விடாமல், தம்பி என்று கையெழுத்துப் போட்டது வரைக்கும் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினார். மடிப்பில் கிழிந்து, ஒட்டுத்தாள் போட்டு ஒட்டியிருந்தது. நாலு வருடமாகச் சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த அம்மா தேதியைப் படித்தார். அவர் அழுவார் என்று ரேடியோ எதிர்பார்த்தாள். அவர் அழவில்லை. நோட்டை வாங்கி, நட்சத்திரம் தொடங்குகிற இடத்தைத் திறந்தார்.

"அவர் கவிதையில ஒரு நாளும் நான் வந்ததில்ல," என்றார். "இருபது வருஷம் எழுதினார். கடல் வரும், காகம் வரும், யாரோ தெரியாத பொம்பளை வருவா. இந்த வீடு வராது. போனப்புறம் வந்த எட்டுலயும் இல்ல. அப்ப நினைச்சேன், சரி, எங்கயோ நல்லா இருக்கார், நம்மளை மறந்துட்டார், இனிமே காத்திருக்கிறதுல அர்த்தமில்லைன்னு. பொண்ணு கல்யாணம் முடிஞ்சு அவளோட போறதுக்குப் பெட்டியெல்லாம் கட்டிட்டேன். அந்த வாரம்தான் இது வந்துச்சு."

பச்சைக் கதவு வரியில் விரல் நின்றது.

"போனப்புறமாவது இந்த மனுஷனுக்கு வீட்டைப் பார்க்கத் தெரிஞ்சுடுச்சேன்னு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கட்டின பெட்டியை அவுத்தேன். உங்க ரெண்டு வரிக்காகத்தான் நாலு வருஷம் இங்க உக்காந்திருந்தேன். நீங்க எதையும் சேர்க்காம இருந்திருந்தா நான் அன்னிக்கே போயிருப்பேன்."

கோந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆறுதல் என்று நினைத்துச் செய்த காரியம் இப்படி ஒரு பூட்டாகப் போய் விழும் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்லம்மா. தூக்கத்துல போயிட்டாராம்."

அந்த அம்மா அவரை நேராகப் பார்த்தார். "இதுவும் நீங்க சேர்த்த வரியா?"

கோந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"கடைசியா மூணு நாள் மூச்சு வாங்கியிருக்கு," என்றார். "கடைசி நாள் யாரையோ கூப்பிட்டாராம். யாரைன்னு அங்க இருந்தவங்களுக்குப் புரியல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இனிமே எதுவும் சேர்க்க மாட்டேன்மா."

அப்போதுதான் அந்த அம்மா அழுதார். சுவரோரமாகக் கீழே உட்கார்ந்து, வாயைத் துணியால் பொத்திக்கொள்ளாமல், எட்டு வருடத்துக்குச் சேர்த்து வைத்து அழுதார். ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். யாரும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை.

இருட்டத் தொடங்கும் முன்னால் அவர் எழுந்து முகம் கழுவி வந்தார். கோந்துவுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். போனை எடுத்து மகளுக்குப் போட்டார். அப்பா போய்விட்டார் என்று சொன்னார், தேதியைச் சொன்னார். அந்தப் பக்கம் மகள் அழுதது அறையில் எல்லாருக்கும் கேட்டது. அழுகைக்கு நடுவில் அவள் ஏதோ கேட்டாள். சனிக்கிழமை வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிடுவாயா, யாராவது வந்தால் என்ன செய்வாய் என்று பழைய பயத்தில் கேட்டிருக்க வேண்டும்.

"இனிமே இங்க யாரும் வர மாட்டாங்கம்மா," என்றார் அந்த அம்மா. "நான் வரேன்."